இலை கொட்டும் காலமும் எங்க வீட்டு நாலு டிக்கெட்டும்

அக்டோபர் பொறந்தாச்சுன்னா பாஸ்டன் பக்கம் இருக்கற நம்ம மக்கள்கிட்ட ஒரே பேச்சுதான். "இலை பாக்கப் போயாச்சா?" பொண்ணு பாக்கப் போற மாதிரி இதுக்கும் ஒரு முகூர்த்தம் உண்டு. ஒரு வாரம் முன்னாடி போனா பச்சை, ஒரு வாரம் கழிச்சுப் போனா மொட்டை. நடுவுல மழையும் காத்தும் சேர்ந்து அடிச்சா போச்சு, அடுத்த வருஷம்தான்.

அந்த 'அடுத்த வருஷம்'தான் இந்தத் தடவை எங்களுக்கு இடிக்குது. ஹெச்1பி விசா மூணும் மூணும் ஆறு வருஷம். பச்சை அட்டை வேலை ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தா அதுக்கு மேல நீட்டிக்கலாம். எனக்கு அது ஆரம்பிக்கவே இல்லை. வர்ற ஆகஸ்டோட ஆறு முடியுது. அதுக்கு நடுவுல ஏதாவது அதிசயம் நடந்தா உண்டு, இல்லைன்னா இதுதான் எங்களோட கடைசி அக்டோபர். புலம்பல் பதிவு இல்லை, பயப்படாதீங்க :-)

பாப்பாவுக்கு நாலு வயசு, சின்னவனுக்கு ஒன்றரை. மூணு வயசுக்கு முன்னாடி நடந்தது எதுவும் பெரியவங்க ஆனதும் பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் இருக்கறதில்லை. அந்தக் கணக்குப்படி சின்னவனுக்கு இந்த ஊரே மிஞ்சாது. பாப்பாவுக்கு ஒண்ணு ரெண்டு துண்டு மிஞ்சலாம். "எது மிஞ்சும்னு நமக்குத் தெரியாதுல்ல, அப்ப எல்லாத்தையும் காட்டிடுவோம்"னு தங்கமணி தீர்ப்பு சொல்லிட்டாங்க. மேல்முறையீடு கிடையாது.

முதல் சனிக்கிழமை ஆப்பிள் தோட்டம். வாசல்ல காசு கட்டினா 'பெக்'னு ஒரு பை தருவாங்க. பெக்குன்னா கால் புஷல், சுமார் பத்து பவுண்டு, நம்ம கணக்குல நாலரை கிலோ. பழத்தைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, மேல தூக்கி லேசா திருகணும். இழுத்தா அடுத்த வருஷம் காய்க்க வேண்டிய மொட்டும் கூடவே வந்துடும். பாப்பா ஒவ்வொரு மரத்துக்கும் "தேங்க்யூ" சொல்லிட்டுத்தான் பறிச்சா. சின்னவன் கீழ விழுந்து கிடந்ததையெல்லாம் ஆளுக்கொரு கடி கடிச்சு வெச்சான். வீட்டுக்கு வந்து புளிப்பு ரகத்தையெல்லாம் துருவி, நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி போட்டுத் தங்கமணி ஒரு தொக்கு கிண்டினாங்க பாருங்க, மாங்காய் தோத்துடும்.

அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷயர், கன்கமேகஸ் நெடுஞ்சாலை. பேரைப் பாத்துட்டு யாரோ நம்ம ஊர் ஆளோன்னு நினைக்காதீங்க. 17ஆம் நூற்றாண்டுல அந்தப் பகுதியில இருந்த பென்னகூக் பழங்குடித் தலைவர் பேரு. லிங்கன்ல ஆரம்பிச்சு கான்வே வரைக்கும் 34.5 மைல், அதாவது 55 கிலோமீட்டர். மலைக்காட்டு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஏறி இறங்கற ரோடு. வழியில ஒரு பெட்ரோல் பங்க் கூடக் கிடையாது. செல்போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. சின்னக் குழந்தைங்களோட போறவங்க லிங்கன்லயே டேங்கை ரொப்பிடுங்க, டயப்பரும் தயிர்சாத டப்பாவும் கணக்குக்கு மேலயே எடுத்துக்கோங்க. சிக்னல் இல்லாததுல ஒரு நல்லது, ஆபீஸ்லேர்ந்து யாரும் ஆணி புடுங்கக் கூப்பிட முடியாது.

சபடே அருவிக்கு மட்டும் இறங்கி நடந்தோம். குட்டி நடைதான், நாலு வயசுக் கால் தாங்கும். சின்னவன் என் முதுகுல. குனிஞ்சு பாப்பாவுக்கு ஷூ லேஸ் கட்டும்போதெல்லாம் என் முடியைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டான்.

திரும்பி வரும்போது கார்ல பாப்பா கேட்டா, "மரத்துக்கு ஜுரமாப்பா? ஏன் செவப்பா இருக்கு?"

இஞ்சினியரிங் படிச்சதுக்கு இந்த மாதிரி நேரத்துலதான் கொஞ்சம் மரியாதை. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். இலைக்குள்ள மஞ்சள் நிறம் கோடையிலேயே இருக்கு. பச்சையம் அதிகமா இருக்கறதால அது நம்ம கண்ணுல படறதில்லை. பகல் குறைஞ்சு ராத்திரி நீள ஆரம்பிச்சதும் மரம் பச்சையம் செய்யறதை நிறுத்திடும். இருக்கற பச்சை சிதைஞ்சு போனதும், உள்ள இருந்த மஞ்சள் வெளிய தெரியும். சிவப்பு கதை வேற. இலையில தங்கிப்போன சர்க்கரையை வெச்சு அப்பத்தான் புதுசாத் தயாராகுது. பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி உறையாத குளிரும் இருந்தா சிவப்பு தூக்கலா வரும். அதுக்குள்ள காம்பு கிளையோட சேர்ற இடத்துல ஒரு அடைப்பு வளர்ந்துடும். அப்புறம் ஒரு காத்து போதும்.

ஞாயித்துக்கிழமை வீடியோல தாத்தாகிட்ட அப்படியே ஒப்பிச்சா. "தாத்தா, மஞ்சள் முன்னாடியே உள்ள இருந்துச்சாம், பச்சைதான் மறைச்சுருச்சாம்!" அப்பாவுக்கு ஐப்பசின்னா அடைமழைதான். எங்க ஊர்ல வேப்பமரம் இலை கொட்டறது மாசி, பங்குனியில. ஆனா மனுஷன் விட்டுக்கொடுக்கலை. "நம்ம பள்ளிக்கூடத்துல வாதாமரம் இருக்கு கண்ணு. அதுவும் செக்கச்செவேல்னு செவந்துதான் கொட்டும். கொட்டையை உடைச்சு உள்ள பருப்பு திங்கலாம். உங்க மரத்துல அதெல்லாம் கிடைக்குமா? வா, காட்டறேன்"னார்.

சொன்னப்பத்தான் எனக்கும் ஞாபகம் வந்துச்சு. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் அந்த மரத்தடியிலதான் சாப்பிட்டேன். சிவப்பு இலையைப் பாக்கறதுக்கு இவ்ளோ தூரம் வந்து, பெட்ரோல் போட்டு, முகூர்த்தம் பாத்து... சரி விடுங்க.

"எப்போ தாத்தா?"ன்னு கேட்டா பாப்பா. தங்கமணி என்னைப் பாத்தாங்க. ஆகஸ்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவருக்கு அந்தக் கணக்கு எல்லாம் தெரியும், ஆனா அவரும் சொல்லலை. "இலை கொட்டறதுக்குள்ள வந்தாப் போதும்டா தங்கம். அது வருஷத்துக்கு ரெண்டு தடவை செவக்கும், அவசரமே இல்லை"ன்னுட்டார்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சுட்டா, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இங்க இருட்டிடும். அப்புறம் குழந்தைங்களை வெளிய கூட்டிட்டுப் போறது குதிரைக்கொம்பு. மேப்பிள் எல்லாம் கொட்டியாச்சு. ஆனா ஓக் மரம் கொஞ்சம் பிடிவாதக்காரன், கடைசியாத்தான் நிறம் மாறும். எங்க தெருக்கோடியில நாலு ஓக் இன்னும் பாக்கி நிக்குது. சனிக்கிழமை காலைல நாலு டிக்கெட்டும் கிளம்பறோம். சின்னவனுக்குக் குல்லா தேடணும், வரட்டுமா!