ஜலா மோபில்

லக்னோவின் ஆலம்பாக்கில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்கு வயது 68. பணிக்காலம் முழுவதும் டீசல் எஞ்சின் பணிமனையில் கழிந்தது. தமது பழைய மாருதி 800-இன் எஞ்சின் ஆயிலைப் பிறர் கையால் மாற்றவிட்டதில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஜாக்கி சரிந்தது. தாங்கிகள் வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பியிருந்தார். நல்லவேளையாக அப்போது கை மட்டுமே வண்டிக்கு அடியில் இருந்தது, அதையும் இழுத்துக்கொண்டார். மறுவாரமே மகள் ஓர் உறிஞ்சு பம்பு வாங்கி வந்தார். ஆயில் அளவுகோலை உருவிவிட்டு, அந்தத் துளை வழியே மெல்லிய குழாயை இறக்கினால் மேலிருந்தே எண்ணெயை இழுத்துவிடலாம். தரையில் படுக்கவோ போல்ட்டைக் கழற்றவோ வாஷர் மாற்றவோ தேவையில்லை.

அவர் மறுக்கவில்லை; சோதித்தார். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டார், குளிர்ந்த எண்ணெய் மெல்லிய குழாயில் எளிதில் ஏறாது. பம்பு வெறுங்காற்றை இழுக்கும்வரை உறிஞ்சினார். பிறகு, இம்முறை இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்தி, கீழே போல்ட்டைத் திறந்தார். மேலும் ஒரு தேநீர்க் குவளை அளவு வடிந்தது. குழாய் தொட்டியின் ஆழத்தை நன்றாகத் தொடும் வண்டிகளில் பம்பே முந்திவிடுவதும் உண்டு.

ஒரு குவளைப் பழைய எண்ணெயால் எஞ்சின் கெட்டுவிடாது என்ற மகளின் வாதம் சரியே. ஆனால் தந்தையின் கண் வேறொன்றைத் தேடியது. டீசல் பணிமனை ஆய்வகங்களில் எண்ணெயை நிறமாலைக் கருவியில் வைத்து, அதில் இரும்பும் செம்பும் ஈயமும் எவ்வளவு கலந்துள்ளன என்று பார்ப்பார்கள். எந்த உறுப்பு தேய்கிறது என்பது எஞ்சினைப் பிரிக்காமலே தெரிந்துவிடும். வீட்டில் அதற்கு ஈடாக இருப்பவை போல்ட் நுனியில் ஒட்டும் துகளும் வெள்ளைத் துணியில் தேய்த்த கடைசிச் சொட்டும்தான். கனமான துகள்கள் அடியில் தங்கிவிடுவதால் பம்பு அவற்றைக் காட்டுவதில்லை. அன்று துணியில் கருமை இருந்தது; மினுக்கம் இல்லை.

வட இந்தியத் தெருக்களில் இக்கழிவுக்கு 'ஜலா மோபில்' என்று பெயர். ஒரு வணிகப்பெயர் எஞ்சின் எண்ணெய்க்கே பொதுப்பெயராகி, 'எரிந்த' என்னும் அடையையும் பெற்றிருக்கிறது. தச்சர்கள் கரையானுக்குப் பூச இதைக் கேட்டு வாங்குவார்கள். 2016-ஆம் ஆண்டின் விதிகளோ இதனை அபாயக் கழிவுகளின் பட்டியலில் சேர்த்துள்ளன. அவர் மூடியிட்ட கேனில் சேர்த்துவைத்து, கழிவு எண்ணெய் சேகரிப்பவரிடம் ஒப்படைக்கிறார்.

இப்போது வீட்டில் ஓர் உடன்பாடு: மூன்று முறை பம்பு, நான்காம் முறை போல்ட், அதுவும் மகள் அருகில் நிற்கும்போது மட்டும். பம்பைவிடத் தாங்கிகளுக்குத்தான் அதிகம் செலவாயிற்று என்று அவர் இன்னும் முணுமுணுக்கிறார்.