ராகலைப் பாதையில் கொழுந்து லொறி

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்குப் போகலாம். 1904இல் இங்கே சிறு ரயிலும் வந்தது; இன்று பஸ்ஸும் ஆட்டோவும்தான். மூடுபனியில் பெரிய வெளிச்சம் போட்டால் சாரதியின் கண்ணே கூசும். லைட்டைத் தாழ்த்தியே ஓட்ட வேண்டும். ஆட்டோவுக்குச் சட்டப்படி மணிக்கு 40 கிலோமீற்றர்தான் வேகம், சாரதியைத் தவிர மூவர்தான் ஏறலாம்.

கொழுந்து லொறிக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏது? மூட்டைகளின் மேல் பெண்கள் ஏறி வருவதுண்டு. 2009இல் உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களோடு சாமானாக இடம்பெயர்ந்த வன்னிச் சகோதரிகளுக்கு அந்தப் பயணம் தெரியும். அன்று உயிர் தப்ப வேறு வழியில்லை. வேலைக்குப் போகிறவளை ஏன் மூட்டையாக ஏற்ற வேண்டும்? உட்காரப் பலகையும் பிடிக்கக் கம்பியும் போடுவது நிர்வாகத்துக்குப் பெரிய செலவா?

"மெல்லப் போ தம்பி" என்று சொல்லவும் அவர்களுக்குத் தயக்கம். முன் சீற்றில் கங்காணி இருக்கிறார்.