பற்றும் வரவும்

வள்ளூரில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்க்கப் போகிறேன் என்றதும் சித்தி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் தவறில்லை. 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம் உள்ள ஊர் அது. விளக்கு வெளிச்சத்தில், மாசி மாதத்து வானம் பலமுறை துவைத்த வேஷ்டியைப் போல் வெளிறிக் கிடந்தது.

இருந்தாலும் சிரியஸ் தெரிந்தது. அங்கிருந்து கிழக்கே, நீட்டிய கையின் முஷ்டியளவுக்குச் சற்று அதிகமாகவும், கொஞ்சம் வடக்காகவும் பைனாகுலரை நகர்த்தினேன். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள், யாரோ கை தவறிச் சிந்திய அரிசி போலக் கிடந்தன. மெஸ்ஸியே பட்டியலில் 47-ஆம் எண் அதுதான். மொத்தம் 50 விண்மீன்கள் இருக்கலாம். தூரம் சுமார் 1,600 ஒளியாண்டு. நெருக்கமில்லாத, ஏழைக் கொத்து.

சித்தப்பாவும் மேலே வந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்தக் கொத்தின் கதையைச் சொன்னேன்.

1771-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி, பாரிஸில் சார்ல் மெஸ்ஸியே இதைக் கண்டார். நமக்கு நல்ல உயரத்துக்கு ஏறிவரும் இது, அங்கே தொடுவானத்துக்கு மேல் சுமார் 27 பாகைதான் எழும்பும். பக்கத்து நட்சத்திரம் ஒன்றிலிருந்து தூரத்தை அளந்து குறித்துக்கொண்டார். அளவு சரி, குறிதான் மாறிவிட்டது. மேற்கே இருந்தது கிழக்கே போயிற்று. பிறகு அந்த இடத்தில் தேடியவர்களுக்குக் கொத்து எதுவும் அகப்படவில்லை. 1785-இல் வில்லியம் ஹெர்ஷல் இதையே கண்டும், மெஸ்ஸியேயின் கொத்து என்று அறியாமல் தம் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். 47 காணாமற் போன எண்ணாயிற்று. 1934-இல் ஆஸ்வால்ட் தாமஸ் இதுதான் அது என்றார். 1959-இல் கனடாவின் டி. எஃப். மாரிஸ், கூட்டலும் கழித்தலும் இடம் மாறியதை எடுத்துக் காட்டினார்.

சித்தப்பா வெகு நேரம் பேசவில்லை.

"அந்த மாரிஸ், 'இந்த மனுஷன் பொய் எழுதியிருக்க மாட்டான், எங்கேயோ கை தவறியிருக்கு'ன்னு நினைச்சுத் தேடியிருக்கார், இல்லே?" என்றார்.

"ஆமாம், சித்தப்பா."

"நான் வரவிலே போட வேண்டியதைப் பற்றிலே போட்டேன். ஒரே ஒரு வரி. எடுத்துட்டான்னு சொன்னாங்க. எப்படித் தப்பாச்சுன்னு ஒருத்தரும் கேக்கலே."

அந்த வருஷம் அவருக்குச் சம்பள உயர்வு நின்றது எனக்குத் தெரியும். வீட்டில் எல்லாருக்குமே தெரியும். தெரிந்தும், அந்தப் பேச்சு வந்தால் நாசூக்காக எழுந்து போய்விடுவோம். அதை நாகரிகம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேட்காதவர்களின் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன் என்பது அந்த மொட்டை மாடியில்தான் உறைத்தது.

"எப்படி ஆச்சு, சித்தப்பா?" என்றேன்.

மெள்ள மெள்ளச் சொன்னார். கீழேயிருந்து சித்தி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். சொல்லி முடித்ததும் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது, எண்ணுகிறார்.

"பதினொண்ணு. எழுதிக்கோ," என்றார். பிறகு என்னிடம் நீட்டி, "எதுக்கும் நீயும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துடு," என்றார்.