தெற்கே பிறந்த தணிகைப் பாட்டு

வள்ளி பிறந்த வள்ளிமலை எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிறது. அவள் கைப்பிடித்தவன் சினம் தணிந்து வந்து அமர்ந்த மலை எங்கள் திருத்தணி. கதை முழுக்க எங்கள் பக்கத்துக் கதை. ஆனால் அதற்கு வாய்த்த பெரிய நாடகப் பாட்டான ‘காயாத கானகத்தே’ இங்கே உண்டானதல்ல. தூத்துக்குடிச் சீமையில் பிறந்து, 1918இல் மதுரையில் பாலர் சபை தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தோடு வளர்ந்த பாட்டு அது. அதை நாடறியப் பாடிய எஸ்.ஜி.கிட்டப்பா செங்கோட்டைக்காரர். பிறகு திரையில் பாடிய டி.ஆர்.மகாலிங்கம், சோழவந்தானை ஒட்டிய தென்கரைக்காரர். எங்கள் மலைச் சாமியின் காதலைத் தென்பாண்டிக்காரர்கள்தான் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் அவர்கள்மேல் எனக்கு நன்றி பெருகும்.

பாட்டில், வேடன் வேஷத்தில் வரும் முருகன், தினைப்புனம் காக்கிறவளிடம் தப்பிப் போன மானைக் கேட்கிறான். அவன் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் மான் அவளேதான். மேடையில் இது ஒரு பாட்டோடு முடிகிற காரியமில்லை. அவன் ஒன்று கேட்க, அவள் மடக்க, தர்க்கம் நீண்டுகொண்டே போகும். ஆர்மோனியக்காரர் இடம் கொடுத்துக் கொடுத்து வாங்குவார். கிட்டப்பாவுக்கு வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். சபையில் ‘ஒன்ஸ்மோர்’ எழுந்தால் பாட்டு மறுபடி முதலிலிருந்து கிளம்பும்.

இப்படி இரவு முழுக்கப் பரந்து கிடந்ததை கிராமபோன் அரக்குத் தட்டுக்குள் அடைக்க வேண்டியிருந்தது. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டில், ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று நிமிஷம். வள்ளியின் பதில் போயிற்று, தர்க்கம் போயிற்று, ஜனங்களின் ஆரவாரமும் போயிற்று. மிஞ்சியது குரல் ஒன்றுதான்.

அந்தக் குரலையாவது தட்டு பிடித்து வைத்ததே. 1906இல் பிறந்த கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயதில் போய்விட்டார். தமிழ் பேசும் படம் 1931இலேயே வந்துவிட்டது; அவர் ஒன்றிலும் நடிக்கவில்லை. மனைவி கே.பி.சுந்தராம்பாள் அதற்குப் பிறகு 1980இல் மறையும்வரை வெள்ளைப் புடவையோடு வாழ்ந்தார். அவர் ஔவையாராகத் திரையில் நின்று பாடியதையாவது நாம் பார்க்கலாம். கிட்டப்பா மேடையில் எப்படி நின்றார், பாடும்போது வள்ளியை எப்படிப் பார்த்தார் என்பதற்கு நம்மிடம் ஒரு அடி படச்சுருள்கூட இல்லை.

1945இல் ஏவி.எம்.மின் ‘ஸ்ரீவள்ளி’ வந்தது. முருகன் மகாலிங்கம், வள்ளி குமாரி ருக்மிணி. வள்ளிக்குப் பாட்டுக் குரல் பி.ஏ.பெரியநாயகி. கிட்டப்பா வழியிலேயே உச்சத்தில் பாடிய மகாலிங்கத்தின் வாயில் இந்தப் பாட்டு புது ஆயுசு பெற்றது. 1961இல் மறுபடி ‘ஸ்ரீவள்ளி’ எடுத்தபோது சிவாஜி முருகனாகவும் மகாலிங்கம் நாரதராகவும் வந்தார்கள்.

இருவர் பாடியதில் எனக்குக் கிட்டப்பாவின் தட்டுதான் ஒசத்தி. மகாலிங்கத்தின் குரலில் வெள்ளித் தெளிவு உண்டு. மைக் கிட்டத்தில் இருக்கிறது, அதனால் கொஞ்சவும் முடிகிறது. கிட்டப்பா மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்கப் பாடிப் பழகியவர். ஒலிப்பதிவு அறைக்குள்ளும் அந்தத் தொலைவை அவர் விடவில்லை. கேட்கிறவனைத் தேடி எட்டிப் போகிற குரல் அது.

ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகள் படியேறும்போது எங்கள் ஊர்க் குழாய் ஒலிபெருக்கிகளில் நான் கேட்டு வளர்ந்தது மகாலிங்கத்தைத்தான். 1960 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. காவடி எடுப்பவர்களில் பலரின் பேச்சு இன்றும் தெலுங்கு. பாட்டின் சிலேடை பிடிபடாதவர்களும் அந்த உச்சம் வரும்போது தலையை நிமிர்த்துவதைக் கவனித்திருக்கிறேன்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ‘வள்ளி திருமண’த்தை இன்னும் விடிய விடிய ஆடுகிறார்கள். ஊருக்கொருவராக வந்து, ஒத்திகை இல்லாமலே மேடையேறி, தர்க்கம் செய்கிறார்கள். மாசித் திருவிழாவில் இங்கே வள்ளி கல்யாணம் நடக்கிறது. அந்த ராத்திரிக்கு அவர்களை அழைத்து வந்து மலையடிவாரத்தில் கொட்டகை போட வேண்டும். தட்டில் அடங்காமல் போன வள்ளியின் பதில்களை அவள் ஊர்க்காரர்கள் நாங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும்.