வெள்ளைக் களத்தில் ஒரு குடை

1986 பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குக் கூத்து வைக்கவில்லை. டெக் வந்தது. ராசிபுரத்திலிருந்து வாடகை வேனில் ஒரு கலர் டிவி, ஒரு டெக், துண்டில் சுற்றிய நாலைந்து கேசட்டுகள். முதலில் எம்ஜிஆர், அடுத்து ரஜினி. மூன்றாவதாக ஒரு சண்டைப் படம் என்றார் டெக்காரர். அதற்குள் பாதி ஊர் படுத்துவிட்டது.

படம் தொடங்கியதும் திரை முழுக்க வெள்ளை. "களம்டா!" என்று கத்தினான் என் பக்கத்தில் இருந்தவன். எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஊரைச் சுற்றிலும் சேகோ ஆலைகள். குச்சிக்கிழங்கை அரைத்துத் தெளியவைத்த மாவை, கண் கூசக் கூச சிமெண்டுக் களத்தில் காயப்போட்டிருப்பார்கள். பனியை நாங்கள் எங்கே பார்த்தோம்? ஏற்காட்டில்கூட வெறும் மூட்டம்தான். அந்தக் களத்தின்மேல் குடை பிடித்து ஒரு பெண் தனியாக நடந்து வந்தாள். எதிரே ஆட்கள். குடைக் காம்பிலிருந்து வாளை உருவினாள்.

ஜப்பான் பாஷை. ஒரு சொல் விளங்கவில்லை. லாரி ஓட்டும் மாமாதான் வாய்க்கு வந்தபடி கதை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் படம் நின்று, சித்திரக்கதைப் பக்கங்களாக ஓடியது. "காசு தீந்து போச்சாட்ட இருக்குது, வரைஞ்சு காட்றான்" என்றார். ரத்தமும் அப்படியே: வெட்டினால் கசியாது, பீய்ச்சும். தண்ணி மோட்டார் வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் நம்பினோம்.

அம்மாயி மட்டும் தூங்கவில்லை. வெற்றிலையை மென்றபடி, "இவ நம்ம ஆரவல்லியாட்ட இருக்கறா கண்ணு" என்றாள். ஆரவல்லி சூரவல்லி கூத்தை அவள் எத்தனை முறை விடியவிடியப் பார்த்திருப்பாளோ. அதில் ஆரவல்லியாக ஆடுபவர் ஆண். மரவாளில் ஒட்டிய ஜிகினாத் தாள் நடுச்சாமத்துக்குள் உரிந்துவிடும். அதனால் அம்மாயிக்கு வாள் பொய்யா மெய்யா என்ற கவலையே கிடையாது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1957-ல் ஆரவல்லியைப் படமாகவும் எடுத்தது. ஆனால் அம்மாயியின் படம் அது அல்ல. 1950-ல் வந்த மந்திரி குமாரிதான். தன்னைத் தள்ளிவிட மலையுச்சிக்குக் கூட்டிவந்த புருஷனை, மூன்று முறை சுற்றிவந்து கும்பிடுகிறேன் என்று சொல்லிப் பின்னாலிருந்து மாதுரி தேவி தள்ளிவிடும் இடத்தை, ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள். அவளுக்கு அதில் ஹீரோ யாரென்றே ஞாபகமில்லை. எம்ஜிஆர் என்று நான் சொன்னால், "அவரும் இருந்தாரு" என்பாள்.

படத்தின் பெயரை நான் கண்டுபிடித்தது வேலைக்குப் போன பிறகு: லேடி ஸ்னோபிளட், 1973, தோஷியா ஃபுஜிதா எடுத்தது. குடை பிடித்து வந்தவள் மெய்கோ காஜி. சிறையில் பிறந்தவள், அம்மாவின் பழியைத் தீர்ப்பதற்கென்றே பெறப்பட்டவள் என்பதெல்லாம் அப்போதுதான் புரிந்தது. டாரன்டினோ தன் கில் பில்லுக்கு அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டாராம். எடுத்துக்கொள்ளட்டும். மாமா சொன்ன கதையில் அவள் வட்டிக்காரனை வெட்டப் போனவள். இன்றைக்கும் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

மறுநாள் காலை நாங்கள் கருக்கு மட்டையைச் சீவி வாளாக்கினோம். என் சித்தி மகளுக்கு மட்டை வேண்டாமாம். அப்புச்சியின் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு நேரே சேகோ களத்துக்குப் போனாள். அப்போதுதான் பரப்பியிருந்த ஈர மாவு. அதன்மேல் வெறுங்காலோடு, தோளில் குடை சாய்த்து, அவசரமில்லாமல் நடந்தாள். நாங்கள் ஐந்து பேர் மட்டையோடு ஓடினோம். மூன்று பேரை அவள் வீழ்த்தியிருப்பாள், அதற்குள் களத்துக்காரர் கெட்ட வார்த்தையோடு வந்துவிட்டார். எல்லோரும் சிதறினோம். அவள் மட்டும் ஓடவில்லை. குடையைக் குத்துவாட்டில் நீட்டியபடி நின்றாள். அவர் ஒரு கணம் தயங்கியதை நான் வேலிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அப்புறம் அடி விழுந்தது, எங்கள் எல்லோருக்கும். மாவுக்குக் காசும் கொடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து, வளைந்த குடைக் கம்பியை நிமிர்த்தி நூல் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சித்தி மகள், பாதம் இரண்டும் காய்ந்த மாவு வெடித்து வெள்ளையாக.