துயிலெழும் கைபேசி

விரைவு வேண்டி அணைத்துத் திறந்த கைபேசி, திறந்தவுடன் முன்னினும் மந்தமாய் நடப்பதைக் காணாதார் நம் கல்லூரியில் ஒருவரும் இரார். கண்டும் அதன் காரணத்தை உசாவாது விட்டவருள் யாமும் ஒருவராயிருந்தோம். உசாவும்படி எம்மை நெருக்கிய நிகழ்ச்சியொன்றை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

அன்று தேர்வுக் கட்டணஞ் செலுத்துதற்குக் கடைசி நாள். மாலை 5 மணிக்கு இணைய வாயில் அடைபடும். 4-40 மணிக்கு விடுதி மாணாக்கன் ஒருவன் எம் அறைக்கு வந்தான். அவனுடைய கைபேசி முந்தின நாள் மாடிப்படியில் விழுந்து முகம் நொறுங்கிப்போயிற்று. தந்தையார் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பணம் நோட்டுகளாகவே அவன் சட்டைப்பையில் இருந்தது. “ஐயா, தங்கள் கைபேசியிலிருந்து கட்டிவிட்டால் பணத்தை இப்போதே தந்துவிடுகிறேன்” என்றான். “அதற்கென்ன, தம்பி, உட்கார்” என்றோம்.

எம் கைபேசியோ சில நாட்களாகவே சோம்பலுற்றிருந்தது. அணைத்துத் திறந்தால் அச்சோம்பல் நீங்கும் என்பது யாம் எங்கோ கேட்டறிந்த மருத்துவம். 20 நிமிடம் கையிலிருக்க அஞ்சுவானேன் என்றெண்ணி அவ்வாறே செய்தோம். கடவெண்ணை இட்டவுடன் வங்கியின் செயலியைத் தொட்டோம். வெண்திரையொன்று தோன்றி அங்ஙனமே நின்றது. மறுபடி தொட்டோம், பன்முறை தொட்டோம். கைபேசி சுடத் தொடங்கிற்று. பழுதென்று துணிந்து மீண்டும் அணைத்துத் திறந்தோம். அதே வெண்திரை. வெட்கத்துடன் உரைக்கின்றோம்: மூன்றாம் முறையும் அதனையே செய்தோம். மாணாக்கன் ஒன்றும் பேசவில்லை. சுவர்க்கடிகாரத்தைப் பாராதிருக்க அவன் பட்ட பாட்டை மட்டும் யாம் பார்த்தோம். ஒருவழியாகச் செயலி திறந்து, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண் குறுஞ்செய்தியாய் வந்து சேர்ந்தபோது மணி 5-ஐக் கடந்து 3 நிமிடம் ஆகியிருந்தது.

மறுநாள் தண்டத்துடன் கட்ட நேர்ந்தது. தண்டத்தை யாமே ஏற்றோம். ஆயினும் அவன் அன்றிரவு உண்ணாது படுத்தான் என்று விடுதிக் காப்பாளர் சொல்லக் கேட்டபோது, ஏற்ற தண்டம் போதாதென்று தோன்றிற்று.

நிற்க. கணினித் துறையிலுள்ள எம் இளைய நண்பரொருவரிடம் இதனை உரைத்தோம். அவர் நகைத்து, “பழுது ஒன்றுமில்லை, ஐயா. எழுந்து முகங்கழுவுமுன் அதனை மும்முறை உறங்கச் செய்திருக்கிறீர்கள்” என்றார். அவர் விளக்கியதை எமக்கு விளங்கிய அளவில் எழுதுகின்றோம்.

கைபேசியினுள் இருவகை இடங்கள் உள. மின்சாரம் நின்றாலும் பொருள் அழியாதது சேமிப்பகம். மின்சாரம் உள்ளவரையே பொருள் தங்குவது நினைவகம். நாம் அடுத்தடுத்துக் கையாளும் செயலிகள் நினைவகத்தில் எடுத்துவைத்தபடி இருத்தலாலேயே தொட்டவுடன் தோன்றுகின்றன. அணைத்த கணத்தில் அந்நினைவகம் முற்றும் வெறுமையாகின்றது. குப்பையும் போகும், வேண்டியதும் போகும். நெடுநாள் ஓடிய செயலிகள் விடாது பற்றியிருந்த இடமெல்லாம் விடுபடுதலின், பின்னர் விரைவு கூடுவது உண்மையே. ஆகவே எம் மருத்துவம் பொய்யன்று. மருந்துண்டவுடன் நோயாளியை ஓடச்சொன்னதே பிழை.

ஆண்ட்ராய்டுக் கைபேசியில் நிகழ்வதைச் சிறிது பார்ப்போம். விசையை அழுத்தியதும், தன் மென்பொருளில் எவரேனும் கைவைத்துள்ளனரா என்று அது முதலிற் சோதிக்கின்றது. பின் லினக்ஸ் என்னும் அடிப்படை எழுகின்றது. அதன்மேல் திரை, ஒலி, தொலைபேசி முதலியவற்றின் ஏவலர் எழுகின்றனர். இவையெல்லாம் திரையில் சின்னம் ஒளிரும்போதே நடப்பன ஆகலின் நாம் குறை கூறுவதில்லை. குழப்பம் பூட்டுத்திரைக்குப் பின்னரே. 2016-இல் வந்த 7-ஆம் பதிப்பிற் புகுத்தப்பட்டு இன்று பரவிவிட்ட ஏற்பாட்டின்படி, உரியவர் கடவெண் இடுமளவும் அவருடைய கோப்புகள் மறையாக்கம் பெற்றுப் பூட்டியே கிடக்கும். திறந்த முதன்முறை விரல்ரேகையை ஏலாது கடவெண்ணையே அது கேட்பதும் இதுபற்றியே. கடவெண் இட்டதும் பூட்டுத் திறக்கும். “எழுந்தாயிற்று” என்னும் பறை அறையப்படும். அதற்கெனக் காத்திருந்த அஞ்சல், வாட்ஸ்அப், நாட்காட்டி ஆகிய யாவும் ஒருங்கே எழுந்து, விட்டுப்போன செய்திகளைத் தேடி ஓடும்.

விடுமுறை கழிந்து கல்லூரி திறக்கும் நாளில் நம் அலுவலகச் சாளரத்தின்முன் நின்றார்க்கு இக்காட்சி புதிதன்று. கட்டணங் கட்ட ஒருவர், சான்றிதழ் பெற ஒருவர், விடுதியறை கேட்க ஒருவர், ஒன்றுமின்றிக் கூட்டத்தைப் பார்க்க நால்வர், எழுத்தரோ ஒருவர். பத்தாம் நாள் அதே சாளரத்தில் காக்கை அமர்ந்திருக்கும். யாம் அன்று செய்தது யாது? கூட்டம் பெரிதென்று கல்லூரியை மூடி மறுபடி திறந்தோம், அதுவும் மும்முறை!

இதன்மேலும் இரண்டு இடர்கள் உள. ஓயாது உழைக்கும் சில்லு சூடேறினால், தன்னைக் காத்தற்பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். யாம் தொட்ட ஒவ்வொரு தொடுகையும் அச்சூட்டிற்கு விறகாயிற்று. அன்றியும், அலைக்கோபுரத்தில் மீண்டும் பதிவு பெற்ற பின்னரே கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அணைக்குந்தோறும் அப்பதிவும் முதலிலிருந்தே தொடங்கும்.

இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டபின் இம்மந்தம் சற்று நீளும். 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பு, செயலிகள் அனைத்தையும் அச்சில்லுக்கேற்ப மாற்றியமைத்த பின்னரே கதவைத் திறக்கும். இத்தனையுள் இத்தனையாவது என்று எண்ணிக் காட்டும். 7-ஆம் பதிப்பு முதலாக வந்தவை, கைபேசி சும்மா மின்னேறிக்கொண்டிருக்கும் வேளையில் அவ்வேலையிற் பெரும்பகுதியை மெல்லச் செய்துகொள்கின்றன. ஆனால் அரைமணி கடந்தும் மந்தம் நீங்காதாயின், அது துயிலெழுதலின் மந்தம் அன்று. சேமிப்பகம் நிரம்பியிருத்தல் கூடும். எம்முடையதில் உறவினர் அனுப்பிய காலை வணக்கப் படங்களே பெரும்பகுதியை அடைத்திருந்தன. மலர்களும் சூரியோதயங்களுமாய் அவற்றை நீக்க ஒரு மாலை முழுதும் சென்றது.

இப்பொழுதெல்லாம் விடியற்காலையில் அணைத்துத் திறந்து, கடவெண்ணை இட்டு, மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கச் செல்கின்றோம்.

அடுத்த பருவத்துக் கட்டணத்திற்கு அம்மாணாக்கன் மீண்டும் வந்தான். கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. புதுக் கண்ணாடியிட்ட தன் கைபேசியைக் கொணர்ந்திருந்தான். “தங்கள் அறையில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், ஐயா” என்றான். அதனை அணைத்துத் திறந்து, கடவெண் இட்டு, எம் மேசைமேல் வைத்தான். இருவரும் அதனைத் தொடாது, அவன் ஊரில் மழை பெய்ததா என்பதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.