பிழியும் கை

எங்கள் ஊர்ப்பக்கம் டிரையர் என்றால் துணியைக் காயவைக்கும் மெஷின் இல்லை. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் ஓரமாக இருக்கும் சின்னத் தொட்டிக்குத்தான் அந்தப் பெயர். துவைத்ததை அள்ளி அதில் போட்டு, மேலே ஓட்டை போட்ட வட்டத் தட்டை வைத்து அழுத்தி, மூடியைச் சாத்தி, டைமரைத் திருகினால் சுற்றும். அது பிழிந்து மட்டும்தான் கொடுக்கும், காயவைப்பது வெயிலின் வேலை. கள்ளக்குறிச்சியில் வெயிலுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை என்பதால் இந்தப் பெயர்ப் பிழையை யாரும் கண்டுகொள்வதில்லை.

கல்வராயன் மலையில் கண்டுகொள்ள வேண்டியிருக்கும். அக்கா வெள்ளிமலையில் டீச்சர். அப்பா போன பிறகு அம்மாவும் அவளோடுதான் இருக்கிறாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக பஸ் மலையேற ஆரம்பித்ததுமே காற்று மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணி மூன்றாவது நாளும் தொட்டால் சில்லென்று இருக்கும். நான்காவது நாள் ஒரு முக்கல் வாடை வரும். காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கிறது, துணியிலிருப்பதை வாங்க அதனிடம் இடமில்லை. அந்த மாதங்களில் துணி காய்வது கொடியில் முடிவாவதில்லை, பிழிவதில்தான் முடிவாகிறது.

போன ஐப்பசியில் அந்தத் தொட்டி நின்றுபோனது. "உம்முன்னு ஒரு சத்தம் மட்டும் வருதுடா, சுத்த மாட்டேங்குது" என்றாள் அக்கா. கீழே ஒரு மெக்கானிக்குக்கு போன் போட்டிருக்கிறாள். அவர் பார்க்காமலேயே, "மோட்டார் போயிருக்கும் டீச்சர், மெஷினக் கீழ கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார். மெஷினை எப்படி இறக்குவது, எந்த வண்டியில் ஏற்றுவது என்றே மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரமும் துணியைப் பிழிந்தது யார் என்று நான் கேட்கவில்லை. வீடியோ காலில் அம்மா டீ டம்ளரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்ததில் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வாசலில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் பிளேட் வைத்த கை அது. அக்கா காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவாள். "வைம்மா, நான் வந்து பிழியறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாளாம். அம்மாவா வைப்பாள்?

"டிரையர் இல்லாத காலத்துல எல்லாம் துணியே துவைக்கலியா?" என்றார் பெரியப்பா. அவர் தன் வாழ்நாளில் ஒரு போர்வையைக் கூடப் பிழிந்து நான் பார்த்ததில்லை. ஈரப் போர்வைக்கு ஆள் இரண்டு வேண்டும், ஒருத்தர் இப்படியும் ஒருத்தர் அப்படியும் முறுக்கணும். ஆள் இல்லாவிட்டால் ஒரு முனையைக் குழாயில் சுற்றிக்கொண்டு மறுமுனையை முறுக்குவார்கள். எங்கள் வீட்டில் அந்தக் குழாய் ஒருபக்கமாகச் சாய்ந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் பஸ் ஏறினேன். பையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்.

சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இந்த வேலை பழக்கமானதுதான். ஒரே அறிகுறிக்கு நாலு காரணம் இருக்கும், எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். 'உம்' என்று சத்தம் வருகிறது என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. அப்போது டைமரும் மூடி ஸ்விட்சும் சரிதான். சத்தமே இல்லாவிட்டால்தான் அவற்றைப் பார்க்க வேண்டும். மிச்சம் இருப்பவை பிரேக், தொட்டிக்கு அடியில் சிக்கிய துணி, கப்பாசிட்டர், கடைசியாக மோட்டார்.

பிரேக் சமாச்சாரம் பலருக்குத் தெரியாது. மூடியைத் திறந்ததும் தொட்டி சட்டென்று நிற்கிறதே, அது மின்சாரம் நிற்பதால் மட்டும் இல்லை. மூடியிலிருந்து ஒரு கம்பி கீழே போகிறது. மூடினால் அது பிரேக் கட்டையை இழுத்து விலக்கும், திறந்தால் கட்டை போய்ப் பிடித்துக்கொள்ளும். கம்பி துருப்பிடித்தோ தளர்ந்தோ போனால், மூடியிருக்கும்போதும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். மோட்டார் திணறும், அதே 'உம்'. இதைச் சோதிக்கக் காசு ஒன்றும் ஆகாது. பிளக்கைப் பிடுங்கி, மூடியைச் சாத்திவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றிக் கீழேயுள்ள பிரேக் டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தால் போதும். இறுக்கமாக இருந்தால் பிரேக், இல்லையென்றால் தொட்டிக்கு அடியில் நழுவிப்போன கைக்குட்டை. எங்களுடையது வழுவழுவென்று சுற்றியது.

அடுத்தது கப்பாசிட்டர். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் இந்த மோட்டார் தானாகக் கிளம்பாது, எந்தப் பக்கம் சுற்றுவது என்றே அதற்குத் தெரியாது. அந்த முதல் தள்ளைக் கொடுப்பது கப்பாசிட்டர். அது பலவீனமானால் மோட்டார் நின்ற இடத்தில் நின்று முனகும், விட்டுவைத்தால் சூடாகி நிஜமாகவே எரியும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் ஒரு குண்டு பல்பின் ஒயர்களை அதில் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைத்தேன். ஒரே டப்பாவுக்குள் இரண்டு கப்பாசிட்டர், மூன்று ஒயர். மேலே 10 + 5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது. 10 துவைக்கும் மோட்டாருக்கு, 5 டிரையருக்கு. மீட்டரில் முதலாவது 9.7 காட்டியது. இரண்டாவது 2.6. துவைக்கிற பக்கம் மட்டும் ஏன் நன்றாக ஓடியது என்பது அப்போது விளங்கியது, டப்பாவில் பாதிதான் செத்திருந்தது.

மறுபடி கீழே இறங்கி, கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கி வந்தேன். 140 ரூபாய். மாட்டினதும் தொட்டி கிளம்பின சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

எனக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. காய்கறி எடைபோடும் தொங்கு தராசை அக்காவிடம் வாங்கி ஒரு துண்டை நிறுத்தேன். காய்ந்திருக்கும்போது 400 கிராம். நனைத்து, என் பலம் மொத்தமும் போட்டுப் பிழிந்த பிறகு 850. டிரையரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் 640. அம்மா சிரித்தாள், "துண்ட நிறுத்துப் பாக்குற ஆள இப்பதான் பாக்குறேன்." நிமிடத்துக்கு 1,350 சுற்று, தொட்டியின் பாதிக் குறுக்களவு 12 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 240 மடங்கு விசை. எந்த மணிக்கட்டும் இதற்கு ஈடாகாது, பிளேட் வைத்தது எப்படி ஆகும்?

வெப்பத்தால் காயவைப்பதற்கு ஆகும் செலவு வேறு ரகம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க முக்கால் யூனிட்டை ஒட்டிய வெப்பம் வேண்டும், இயற்பியல் அதில் தள்ளுபடி தருவதில்லை. 150 வாட் மோட்டார் ஐந்து நிமிடம் சுற்ற ஒரு யூனிட்டில் எண்பதில் ஒரு பங்குதான். நியூஜெர்சியில் இருக்கும் சித்தி பையன் வீட்டில் சூடான காற்றடிக்கும் நிஜமான டிரையர் இருக்கிறது. துணி காயவில்லை என்றால் அவன் முதலில் பார்ப்பது பஞ்சு சேரும் வலையையும் காற்று வெளியேறும் குழாயையும்தான். அவை அடைத்தால் காய்வது நிற்பதோடு போகாது, தீயும் பிடிக்கும். அந்த மெஷினை அமெரிக்காவில் 1938இல் ஹாமில்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைப்பு ஜே. ராஸ் மூர் என்பவருடையது. நார்த் டகோட்டாவின் உறைபனியில் வெளியே ஈரத்துணி உலர்த்தும் அம்மாவுக்காகத்தான் அவர் அதை யோசித்தார் என்று சொல்வார்கள். அது நிஜமாகவே இருக்கட்டும் என்று ஆசையாக இருக்கிறது.

வேலை முடிந்தது என்று சட்டையை மாற்றிக்கொண்டேன். ராத்திரி ஏழரைக்கு அக்கா கூப்பிட்டாள். "வந்து பாரு, மறுபடியும் உம்." கப்பாசிட்டர் புதுசு, பிரேக் சரி. பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தேன், 168 வோல்ட். இந்த மாதிரி மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230இல் கிடைப்பதில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகமாக 168இல் கிடைக்கும். ஈரத்துணியோடு நிற்கும் தொட்டியைக் கிளப்ப அது போதாது. பாதித் துணியை எடுத்துவிட்டுப் போட்டால், சோம்பலாக ஆரம்பித்து, பிறகு சுற்றியது. ஸ்டெபிலைசர் வாங்கலாம் என்றேன். அம்மா வேண்டாம் என்றாள், விடிகாலையில் ஓட்டிக்கொள்கிறாளாம், அப்போது கரண்டு நன்றாக இருக்குமாம். இந்த விவரம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மிக்ஸியின் சத்தத்திலிருந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். போன மாதம் அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். ஏதோ மெஷினின் கிறீச்சென்ற இரைச்சல், பின்னால் இரண்டு பெண்கள் பேசும் சத்தம். அடுத்த மெசேஜில் அவளே சொன்னாள்: "எங்களுது இல்லடா, பக்கத்து வீட்டுது. பின்னாடி கழட்டிப் பாத்துட்டேன், பிரேக்கு நல்லாருக்கு. மோட்டார் மேல தண்ணி சொட்டுது. அடியில இருக்குற ரப்பர் சீலுதான? பேரிங்கும் சேத்து வாங்கணுமா, சொல்லு."

சேர்த்தே வாங்கச் சொன்னேன்.